அரசின் தீங்கியல் பொறுப்பும் இறைமைக் காப்பும் (இந்தியா)

அரசு ஊழியரின் தவறால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் அதற்காக அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்னும் சட்டக் கொள்கை இறைமைக் காப்பு எனப்படும். ‘மன்னர் தவறு செய்யார்’ என்ற பழைய ஆங்கிலேய நெறியிலிருந்து வந்தது. இங்கிலாந்து 1947இல் தனிச்சட்டம் இயற்றி அதைப் பெருமளவு கைவிட்டது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 300ஆம் பிரிவு, அரசின் பொறுப்பைப் பழைய சட்டங்களின் அளவிலேயே விட்டுவைத்தது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியில் போய் நிற்கும். கம்பெனிமீது வழக்கு நின்றிருக்குமா என்பதே குடியரசுக்கும் அளவுகோலாயிற்று.

கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. கல்கத்தாவின் கிதர்ப்பூர் கப்பல் பட்டறையில், அரசுத் தொழிலாளர்கள் கனத்த இரும்பு ஒன்றைச் சாலைக்குக் குறுக்கே தூக்கிச் சென்றார்கள். எதிரே வந்த குதிரைவண்டியைக் கண்டு பதறி, இரும்பை நடுச்சாலையில் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓசைக்கு மிரண்ட குதிரை இரும்பின்மேல் விழுந்து காயப்பட்டது. வண்டிக்குச் சொந்தக்காரரான பி அண்டு ஓ கப்பல் நிறுவனம் கேட்ட நட்டஈடு 350 ரூபாய். 1861இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், பட்டறை நடத்துவது யாரும் செய்யக்கூடிய தொழில், ஆகவே அரசு பொறுப்பு என்றார். இறைமை அதிகாரத்தைச் செலுத்தும்போது நேர்வது வேறு என்றும் சேர்த்துச் சொன்னார். பின்னால் வந்த குழப்பமெல்லாம் அந்தக் கூடுதல் வாக்கியத்தில் முளைத்ததுதான். 1882இல் ஹரி பாஞ்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவினையை ஏற்காமல் காப்பை மிகவும் சுருக்கியது. அந்த வழி நிலைக்கவில்லை.

1962இல் வித்யாவதி வழக்கில், பழுதுபார்த்துத் திரும்பிய கலெக்டரின் ஜீப் மோதி ஒருவர் இறந்ததற்கு ராஜஸ்தான் அரசு பொறுப்பாக்கப்பட்டது. மூன்றாண்டு கூட ஆகவில்லை, காற்று திசை மாறியது. 1947 செப்டம்பரில் மீரட்டில் நகை வணிகர் ஒருவரைப் பிடித்த போலீசார், 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் காவல்நிலையத்தில் வைத்தார்கள். வெள்ளி திரும்பக் கிடைத்தது. தங்கத்தோடு தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்குத் தப்பிவிட்டார். பொருளைக் காப்பதில் போலீசார் அலட்சியம் காட்டினார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே, கைதும் பறிமுதலும் இறைமைச் செயல்கள் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வணிகரின் வழக்கைத் தள்ளியது. இதுவே கஸ்தூரிலால் தீர்ப்பு. சட்டம் இயற்றுங்கள் என்று நீதிபதிகளே வேண்டினார்கள். சட்ட ஆணையமும் தன் முதல் அறிக்கையிலேயே, 1956இல், இதைக் கேட்டிருந்தது. அறுபதுகளில் வந்த மசோதாக்கள் காலாவதியாயின.

நாடாளுமன்றம் திறக்காத கதவுக்குப் பதிலாக நீதிமன்றங்கள் பக்கவழி கண்டன. நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் சா வழக்கில் (1983) அடிப்படை உரிமை மீறலுக்காக இழப்பீடு வழங்கப்பட்டது. காவல் மரணம் பற்றிய நீலாவதி பெஹரா வழக்கில் (1993) 1,50,000 ரூபாய். அத்தகைய கோரிக்கைக்கு இறைமைக் காப்பு தடையாகாது என்றும் சொல்லப்பட்டது. கஸ்தூரிலால் தீர்ப்பு முறையாக நீக்கப்படவில்லை, அதன் பல் மட்டும் போயிற்று.

அரசின்மீதான சாதாரண உரிமையியல் வழக்குக்கு, பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். சாலை விபத்துக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில் இறைமைக் காப்புப் பேச்சே எழுவதில்லை, போக்குவரத்துக் கழகங்கள் தனி நிறுவனங்கள். அங்கே இழுபறி, தீர்ப்பான பணத்தை வாங்குவதில்தான். கட்டாமல் விட்டால் அமீனா ஜப்தி உத்தரவோடு பேருந்து நிலையத்துக்கே வருவார். ஏறி உட்கார்ந்த பயணிகள் இறங்கி அடுத்த பேருந்தைத் தேட வேண்டியதுதான்.