மழையை விற்றவர்கள்

காலநிலை மாற்றம் பற்றிய எதிர்வுகூறல்களையும், அவற்றைக் காட்டி அரசாங்கங்கள் இயற்றும் சுற்றாடற் சட்டங்களையும் ஐயக்கண்கொண்டு நோக்கும் போக்கொன்று எம்மிடையே வளர்ந்து வருகின்றது. அதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைச் சடுதியாகத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் நெல் விளைத்தவனும் தேயிலைத் தோட்டக்காரனும் பட்ட நட்டத்தை நாடு இன்னும் மறக்கவில்லை. சூழலின் பெயரால் வரும் எந்தச் சட்டத்தையும் உழவன் இனி அச்சத்தோடு நோக்குவானாயின், அவனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. இடதுசாரி நண்பர்கள் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, புவி வெப்பமாகின்றது என்ற பேச்சே செல்வ நாடுகள் வறிய நாடுகளின் வளர்ச்சியைத் தடுக்க விரித்த வலை என்பர்.

இவ்வாதத்தைத் தருக்கத்தால் அளப்பதிலும் வரலாற்றால் அளப்பது பயன்தரும் என்பது எமது எண்ணம். ஏனெனில் வினா புதியதன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில், மனிதன் காலநிலையை மாற்றுகின்றானா என்ற கேள்வியும், காலநிலையைக் காரணங்காட்டி அரசாங்கம் காணியுரிமையைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வியும் ஒருங்கே எழுந்தன. அன்று நம்பியவர் யார், ஐயுற்றவர் யார் என்று பார்க்குமிடத்து, இன்றைய அணிகள் தலைகீழாக நிற்பதைக் காண்கிறோம்.

வட அமெரிக்காவின் நடுவே செல்லும் நூறாவது நெடுங்கோட்டுக்கு மேற்கே, ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 20 அங்குலத்துக்குக் குறைவு. 1820 இல் அங்கு சென்ற ஸ்டீபன் லோங் என்னும் இராணுவ அதிகாரியின் படத்தில் அப்பிரதேசம் ‘பெரும் அமெரிக்கப் பாலைவனம்’ என்று குறிக்கப்பட்டது. உண்மையில் அது பாலைவனமன்று. காட்டெருமைகள் மந்தைமந்தையாக மேய்ந்த புல்வெளி. சூ, செயென், கயோவா, கொமாஞ்சி மக்களின் தாயகம். 1870களில் இம்மக்கள் துப்பாக்கியாலும் பட்டினியாலும் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவாயிருந்த காட்டெருமை இனம் 1880களின் நடுப்பகுதிக்குள் சில நூறாகச் சுருங்கிற்று. நிலம் ‘வெறுமையாயிற்று’. இனி அதற்கு விலை வேண்டும்.

1862 ஆம் ஆண்டின் குடியேற்றக் காணிச் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர்செய்வோனுக்கு 160 ஏக்கர் வழங்கியது. அதே காலத்திலே, 1850 முதல் 1871 வரை, காங்கிரஸ் புகையிரதக் கம்பனிகளுக்கு வழங்கிய நிலமோ சுமார் 13 கோடி ஏக்கர். ஏழைக்கு நிலம் அளித்த சட்டத்தைப் பாடநூல்கள் போற்றும்; கம்பனிக்கு அளித்த கொடையைச் சிறு எழுத்தில் அச்சிடும். குடிகள் இல்லாத சமவெளியில் ஓடும் புகையிரதத்துக்கு ஏற்றுமதிச் சரக்கும் இல்லை, பயணிகளும் இல்லை. குடிகள் வரவேண்டுமாயின் பயிர் விளையவேண்டும். பயிர் விளைய மழை வேண்டும். மழையோ இல்லை. ஆகவே மழை வரும் என்ற கோட்பாடு தேவைப்பட்டது.

அக்கோட்பாட்டை நல்கியவர்களில் முதன்மையானவர் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தின் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியர் சாமுவேல் ஓகி. இறுகிய புல்தரையைக் கலப்பை கிழித்தால் மண் கடற்பஞ்சு போல மழைநீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் மெல்ல ஆவியாகி மீண்டும் மழையாகப் பொழியும். ஆகவே உழவு பெருகப் பெருக மழையும் பெருகும் என்று அவர் 1880 இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அடுத்த ஆண்டே சாள்ஸ் டானா வில்பர் என்னும் காணி வணிகர் இதனை ‘மழை கலப்பையைப் பின்தொடரும்’ என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருக்கினார். மரம் நட்டாலும் மழை வரும் என்பது இதன் உடன்பிறப்பான நம்பிக்கை. 1873 இல் இயற்றப்பட்ட மரம் நடுகைச் சட்டம், 40 ஏக்கரில் மரம் நடுவோனுக்கு மேலும் 160 ஏக்கர் கொடுத்தது. மனிதன் காலநிலையை மாற்றுகின்றான் என்பதை அன்று உரக்கச் சொன்னவர்கள் காணி வணிகரும் கம்பனி முகவரும் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

கோட்பாடு பொய்யாயினும் கண்கண்ட சான்று அதற்கு இருந்தது. 1870களின் கடைசி முதல் 1880களின் நடுப்பகுதிவரை அச்சமவெளிகளில் நல்ல மழை பெய்தது. உழவர் வந்தனர், மழையும் வந்தது. எது காரணம், எது காரியம் என்று ஆராய்ந்து பார்க்க எவருக்கும் அவகாசமில்லை. சில ஆண்டு ஏட்டை வைத்து நூற்றாண்டுக்குக் கணக்கெழுதினர். புகையிரதக் கம்பனிகளின் துண்டுப் பிரசுரங்கள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அச்சாகிக் கடல் கடந்தன. சொந்த ஊரிற் காணியின்றி வாடிய விவசாயக் குடும்பங்கள் கையிலிருந்த கடைசிப் பொருளையும் விற்றுக் கப்பலேறின.

இக்கோட்பாட்டை ஏற்க மறுத்தவர் ஜோன் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869 இல் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைப் படகிற் கடந்தவர். 1878 இல் அவர் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த வரண்ட நிலங்கள் பற்றிய அறிக்கை, எமது கருத்தில், அந்நூற்றாண்டின் சிறந்த அரசியல் ஆவணங்களுள் ஒன்று. யூட்டாப் பிரதேசத்தை அளந்து பார்த்த அவர், அதில் நீர்ப்பாசனம் செய்யத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கும் குறைவு என்று கண்டார். நீர் பாயுமிடத்தில் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கர் போதும். மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கர் வேண்டும். 160 என்ற சட்டத்தின் எண் முன்னதற்கு அதிகம், பின்னதற்கு அற்பம். நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்க இடமளித்தல் ஆகாது. அளித்தால் வாய்க்காலின் தலையைப் பிடித்த கம்பனி கடைமடையில் உள்ளவனை அடிமையாக்கும். ஒன்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி நீர்ப்பாசன வட்டாரம் அமைத்து, தமது நீரைத் தாமே நிர்வகிக்கலாம். மேய்ச்சல் நிலம் வேலியின்றிப் பொதுவாயிருக்கலாம். எல்லைகளைச் சதுரம் சதுரமாக வெட்டாமல் நீரேந்து பிரதேசங்களை ஒட்டி வகுக்க வேண்டும் என்பதும் அவருடைய நிலைப்பாடு. குளத்து நீரை முறைவைத்துப் பங்கிட்டுப் பழகிய எமது வன்னி உழவருக்கு இவற்றிற் பல புதுமையாகத் தோன்றா. காங்கிரசுக்கோ இது கேட்கப் பொறாத செய்தி. அறிக்கை அச்சாயிற்று, காணிச் சட்டம் மாறவில்லை.

1886-87 ஆம் ஆண்டின் கொடும் பனிக்காலம் வடபகுதியின் கால்நடைகளைக் கொன்று குவித்தது; அதனையடுத்து வரட்சி தொடங்கியது. அச்சங்கொண்ட காங்கிரஸ் 1888 இல் நீர்ப்பாசன அளவைக்குப் பணம் ஒதுக்கிப் பவலிடமே பொறுப்பைக் கொடுத்தது. அணைகளும் வாய்க்கால்களும் அமையத்தக்க நிலங்களை அளவை முடியும்வரை எவருக்கும் வழங்கலாகாது என்றும் விதித்தது. நில அளவையாளர் எங்கே செல்கின்றனரோ அங்கே ஊகவணிகர் பின்தொடர்ந்து காணி பதிவதாக ஐடஹோவிலிருந்து முறைப்பாடு வந்தது. 1889 ஓகஸ்டில் காணித் திணைக்களம், முன்னைய ஆண்டு ஒக்டோபர் முதல் செய்யப்பட்ட பதிவுகளை இரத்துச் செய்யுமாறு பணித்தது. மேற்கின் பொதுநிலம் நடைமுறையில் மூடப்பட்டது. அதே மாதத்தில் வட டகோட்டாவின் அரசியலமைப்பு மகாநாட்டில் உரையாற்றிய பவல், நல்ல மழையாண்டுகளைக் கண்டு ஏமாறவேண்டாம், வரண்ட ஆண்டுகள் திரும்பவும் வரும் என்று எச்சரித்தார்.

எதிர்ப்புப் புயலாயிற்று. தலைமை தாங்கியவர் நெவாடாவின் செனற்றர் வில்லியம் ஸ்டூவர்ட். சுரங்கக் கம்பனிகளின் வழக்கறிஞராகப் பொருளீட்டியவர். அளவையைத் தொடக்கத்தில் ஆதரித்து அதற்குப் பாடுபட்டவரும் இவரே. அளவை வந்தால் அணை வரும், அணை வந்தால் காணி விலை ஏறும் என்றவரை பவல் நல்லவர்; பொறுத்திருங்கள், நீர் இவ்வளவுதான் என்றதும் அவர் சர்வாதிகாரி ஆனார். ஏழைக் குடியேறியின் உரிமையை வாஷிங்டன் அதிகாரி ஒருவர் பறிக்கின்றார் என்ற குரல் செனற்றில் ஒலித்தது. அக்குரலில் ஓர் உண்மை இருந்தமையை மறைத்தல் நேர்மையன்று. இரத்தான பதிவுகளில் ஊகவணிகருடையவை மட்டுமன்றி, வண்டியோடு வந்து இறங்கிய குடும்பங்களுடையவையும் இருந்தன. அவர்களுக்கு மாற்றிடமும் இல்லை, இடைக்கால உதவியும் இல்லை. பவல் கணக்குச் சரியாகப் போட்டார். அக்கணக்கின் செலவை யார் சுமப்பது என்று அரசாங்கம் எண்ணவில்லை. அந்நிலத்தின் பழைய உரிமையாளரான பழங்குடி மக்களைப் பற்றியோ, அவர்களுடைய மொழிகளையும் வழக்குகளையும் ஆராயும் அரச நிறுவனத்துக்கே தலைவராயிருந்த பவலின் திட்டத்திலும் இடமில்லை.

1890 ஓகஸ்டில் காங்கிரஸ் நிலங்களை மீண்டும் திறந்துவிட்டு அளவைக்கான பணத்தை வெட்டியது. இதே காங்கிரஸ் செய்த இன்னொரு செயலையும் இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. வானத்திலே வெடி வெடித்தால் மழை பொழியும் என்ற கூற்றைச் சோதிப்பதற்கு அது 9,000 டொலர் ஒதுக்கியது. 1891 ஓகஸ்டில் ரொபேட் டயிரன்போர்த் என்பவர் ரெக்சாசின் மிட்லண்ட் அருகே பீரங்கியும் பலூனும் வெடிமருந்தும் கொண்டு வானத்தோடு போர் தொடுத்தார். இப்பணத்துக்குப் பரிந்து பேசியவர் இலினோய் செனற்றர் சாள்ஸ் பார்வெல். ரெக்சாசில் முப்பது இலட்சம் ஏக்கர் பண்ணையில் பங்குடையவர். விஞ்ஞானத்தில் ஐயம் மிகுந்தோர் என்று இவர்களை எப்படிச் சொல்வது? மழை இல்லை என்ற விஞ்ஞானத்தில் ஐயம். மழை வரும் என்ற மாயத்தில் முழு நம்பிக்கை.

மழை வரவில்லை. 1890களில் மேற்குக் கன்சாசின் மாவட்டங்கள் பல தம் மக்களிற் பெருந்தொகையினரை இழந்தன. வந்த வண்டிகளே கிழக்கு நோக்கித் திரும்பின. எஞ்சியோர் வங்கியிடம் அடைமானம் வைத்த நிலத்தில், புகையிரதக் கம்பனி விதித்த கட்டணத்தின் கீழ் உழன்றனர். அவர்களுடைய சினமே 1892 இல் ஒமாஹா நகரிற் கூடிய மக்கள் கட்சியாக உருவெடுத்தது. புகையிரதங்கள் பொதுவுடைமையாக வேண்டும், ஊகத்துக்காகக் காணியை முடக்கிவைப்பதை ஒழிக்க வேண்டும் என்று அது முழங்கியது. 1893 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த நீர்ப்பாசன மகாநாட்டில், மேற்கின் நிலம் முழுவதுக்கும் போதிய நீர் இல்லை என்று பவல் சொன்னபோது சபையினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். மறு ஆண்டு அவர் பதவி விலகினார்.

முதல் உலகப் போர்க்காலத்திற் கோதுமை விலை புசல் ஒன்றுக்கு இரண்டு டொலருக்கு மேல் ஏறியது. தென்சமவெளிகளின் புல்தரையை உழவு இயந்திரங்கள் கிழித்தெறிந்தன. பின்னர் விலை வீழ்ந்தது. 1930களில் வரட்சி வந்தது. புல்லின் வேர் பிடித்திருந்த மண்ணைக் காற்று கொண்டுபோயிற்று. 1935 ஏப்ரில் 14 ஞாயிறன்று எழுந்த தூசிப்புயல் பகலை இரவாக்கியது. பதின்மூன்று நாட்களின் பின், ஏப்ரில் 27 இல், மண் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. மறு ஆண்டில் வெளிவந்த பெருஞ்சமவெளிகள் பற்றிய அரச குழுவின் அறிக்கை, பவல் சொன்னவற்றிற் பலவற்றை ஏறத்தாழத் திரும்பச் சொல்லியது. ஆயினும் சட்டம் வந்தவுடன் நீதி வந்ததென்று எண்ணிவிடக்கூடாது. 1933 இன் விவசாயச் சட்டம் பயிர்ப்பரப்பைக் குறைத்தோருக்குப் பணம் கொடுத்தது. தெற்கின் பருத்தி நிலங்களிலே சொந்தக்காரர் பலர் அப்பணத்தைப் பெற்று, வாரக்குடிகளை வெளியேற்றினர். அதனை எதிர்த்து 1934 இல் ஆர்க்கன்சாசில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய்ச் சேர்ந்து குத்தகை உழவர் சங்கம் அமைத்தனர்.

இனி எமது காலத்துக்கு வருவோம். 1935 இன் தூசிப்புயல் மூடிய மாநிலங்களில் ஒன்று ஒக்லஹோமா. அம்மாநிலத்தின் செனற்றர் ஜேம்ஸ் இன்ஹோப் 2003 ஜூலையில், மனிதனால் புவி வெப்பமாகின்றது என்பது பெரும் புரட்டாயிருக்கலாம் என்று செனற்றிற் பேசினார். 2015 பெப்ரவரியில் பனிக்கட்டி உருண்டை ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்து எறிந்து காட்டினார். சில ஆண்டு மழையை நெபிராஸ்காவின் பேராசிரியர் காட்டியது போலவே. எண்ணெய்க் கம்பனிகள் அவருடைய தேர்தல் நிதிக்குப் பணம் வழங்கியவை. அத்தகைய கம்பனிகளுள் ஒன்றான எக்சனின் சொந்த விஞ்ஞானிகளோ, கரியமிலவாயு பெருகப் புவி எவ்வளவு வெப்பமாகும் என்பதை 1982 அளவிலேயே கணித்து நிர்வாகத்துக்கு அறிவித்திருந்தனர். உள்ளே கணக்கு, வெளியே ஐயம்.

ஆகவே, இது செல்வ நாடுகள் விரித்த வலை என்னும் எமது நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்று: செல்வ நாட்டின் எந்த வர்க்கம் அவ்வலையை விரித்தது? எண்ணெயும் நிலக்கரியும் விற்போர் இவ்வெதிர்வுகூறலை மறைப்பதற்கன்றோ பணம் செலவிட்டனர்? செல்வ நாடுகள் தாம் ஏற்றிய புகைக்குப் பொறுப்பேற்காமல் எம்மை மட்டும் கட்டுப்படுத்த முனைவது உண்மை. அதனை எதிர்த்தல் வேண்டும். அதற்காக வெப்பமானியை எதிர்த்தல் வேண்டியதில்லை. பசளைத் தடையால் நொந்த உழவன் கேட்டது, மண் கெடவில்லை என்ற பொய்ச் சான்றிதழை அன்று. மாற்றத்தின் செலவைத் தன் தலையில் மட்டும் சுமத்தாத, தன்னையும் கலந்து இயற்றிய சட்டத்தையே.

மேற்குக் கன்சாசில் இன்று சோளம் பெரும்பாலும் ஒகலாலா என்னும் நிலத்தடி நீர்ப்படையை நம்பி விளைகின்றது. மழை ஊட்டுவதிலும் வேகமாக இறைக்கப்படுவதால் சில இடங்களில் கிணறுகள் கைவிடப்பட்டுள்ளன. நூறாவது நெடுங்கோட்டின் ஓரமாகப் பவல் கண்ட வரட்சி எல்லையை 2018 இல் ஆராய்ந்த அறிஞர்கள், 1980 முதல் அது ஏறக்குறைய 140 மைல் கிழக்கே நகர்ந்துவிட்டதாகக் கண்டனர். இப்போது அது தொண்ணூற்றெட்டாவது நெடுங்கோட்டை அண்மியுள்ளது.