துரைமார் வீடுகள் – 7: அடிசம் மலையேறிய கதை

தோமஸ் வில்லியர்ஸ் என்ற இளைஞன் 1887இல் இலங்கைக்குக் கப்பலேறி வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன் அவன். தோட்டத்தில் சின்னதுரையாகத் தொழில் பழகியவன், பின்னாளில் கொழும்பு ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தான்.

1835இல் தொடங்கிய அந்தக் கம்பனி ஒரு ஏஜென்சி. இந்த வகைக் கம்பனிகளைப் புரிந்துகொள்ளாமல் ஊவாவின் பங்களாக்களைப் புரிந்துகொள்ள முடியாது. தோட்டத்தின் சொந்தக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள். அவர்களுக்காகத் துரையை நியமிப்பது, அரிசியும் உரமும் அனுப்புவது, கணக்குப் பார்ப்பது, தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் விற்பது எல்லாம் ஏஜென்சியின் வேலை. அதற்கெல்லாம் கட்டணமும் கமிஷனும் உண்டு. தோட்டம் நட்டப்பட்ட வருடத்திலும் ஏஜென்சிக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட கம்பனியின் தலைவர் ஓய்வெடுக்கத் தேர்ந்த இடம் அப்புத்தளை. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தங்கமலைக் காட்டை ஒட்டிய முகட்டில் 1931இல் வீடு எழுந்தது. கென்டில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: அடிசம். அதே கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் கட்டச் சொன்னார். பொளிந்தெடுத்த கருங்கல் சுவர், நெடிய புகைபோக்கிகள், கூரைக்கு ஓடு போல அடுக்கிய பர்மாத் தேக்குப் பலகைகள். அவருடைய நூலக அறையை இன்றைக்கும் பார்க்கலாம். 1960களின் தொடக்கத்தில் வீடு பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்து, இப்போது மடமாகவும் தியான இல்லமாகவும் இருக்கிறது. வார இறுதியில் போகிறவர்கள் துறவிகள் செய்யும் ஜாம் போத்தலோடு திரும்புகிறார்கள்.

அந்த நூலகத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மலைச்சரிவுகளில் தொழிலாளர் குடும்பம் வாழ்ந்த ஒரு லயத்துக் காம்பரா 12 அடிக்கு 10 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அதற்குள்தான். இந்த இரண்டு அறைகளையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு எனக்கு வரலாறாகத் தெரியவில்லை.

1931 சாதாரண வருடமும் அல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்துகொண்டிருந்தது. மலைத் தோட்டங்களில் குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று சட்டப்படி வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. செலவைக் குறைக்க வழி தேடிய துரைமாரின் கண் அந்தச் சதங்களில் விழுந்தது.

அதே 1931இல் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். கோ. நடேசய்யர். முன்பு புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்து நிலைமையை நேரில் கண்டவர். இப்போது துரைமாருக்கு அவர் முகம் தெரியும். அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. கூலியோ குறையப் போகிறது. செய்தியை லயத்துக்குள் கொண்டுபோவது எப்படி?

தோட்டத்து எல்லைக்கு வெளியே போகும் பொது ரோட்டுக்கு எந்தத் துரையும் சொந்தக்காரன் அல்ல. அங்கே நின்று பாடுவதென்று முடிவெடுத்தவர் நடேசய்யரின் மனைவி, மீனாட்சி அம்மாள்.

(தொடரும்)