கார்ஃபீல்டின் மெத்தையும் பீன்யா மேம்பாலமும்

பெங்களூரில் தும்கூர் சாலை மீது 2010இல் திறக்கப்பட்ட பீன்யா மேம்பாலம் 2021 டிசம்பர் 25 அன்று மூடப்பட்டது. 102, 103ஆம் தூண்களுக்கு இடையே, கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும் முன்தகைவு எஃகு வடங்கள் துருவேறிப் பழுதுற்றிருந்தன. கான்கிரீட்டுக்குள் கம்பி தேடும் மின்காந்தக் கருவி எழுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அதனால் இத்தகைய பழுதை முன்னரே கண்டிருக்க இயலாதா என்னும் வினா இயல்பாகவே எழும். அதற்கான விடையை அக்கருவியின் வரலாற்றில் தேடலாம்.

1879இல் டேவிட் ஹியூஸ் தூண்டல் சமனியை அமைத்தார். ஒன்றையொன்று சமன்செய்யும் கம்பிச்சுருள்களின் அருகே உலோகம் வந்தால் சமன் குலையும். தொலைபேசிச் செவிக்குழலில் ஒலி கேட்கும். 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் இம்முறையையே கையாண்டார். ஆனால் நோயாளியின் மெத்தைக்குள் எஃகு வில்சுருள்கள் இருந்தன. மருத்துவர்கள் வலப்புறத்தை மட்டுமே தேட இசைந்தனர். குண்டு கிடந்ததோ முதுகெலும்பின் இடப்புறம். செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார்.

இதே கோட்பாட்டை 1950களில் பிரிட்டனின் சிமெண்ட் மற்றும் கான்கிரீட் சங்கம் கட்டுமானத்துக்குக் கொணர்ந்தது. அக்கருவியின் பெயர் கவர்மீட்டர். ‘கவர்’ என்பது கம்பிக்கும் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட கான்கிரீட்டின் தடிமன். கம்பியின் நலத்தை அறிவதாக அப்பெயர் உரிமை கோரவில்லை. பின்னாளில் பரவிய ‘ரீபார் லொக்கேட்டர்’ என்னும் பெயரும் கம்பி இருக்குமிடத்தையே சுட்டுகிறது. ஆயினும் கேட்போரின் எதிர்பார்ப்பு வளர்ந்துவிட்டது.

கருவி பெறும் சமிக்ஞை கம்பியின் ஆழம், விட்டம் ஆகிய இரண்டையும் சார்ந்தது. அருகிலுள்ள மெல்லிய கம்பியும் தொலைவிலுள்ள தடித்த கம்பியும் ஒரே அளவைக் காட்டக்கூடும். எனவே ஒன்றை வரைபடத்திலிருந்து அறிந்தாக வேண்டும்; வரைபடம் இல்லாத பழைய கட்டடத்தில் ஓரிடத்தையேனும் கொத்திப் பார்ப்பதே வழி. ஐஎஸ் 456:2000 கோரும் 20 மி.மீ. முதல் 75 மி.மீ. வரையிலான கவரைச் சரிபார்க்க இக்கருவி மிகவும் ஏற்றது. பிரிட்டன் 1969இலேயே பிஎஸ் 4408இன் முதல் பகுதியை இதற்கென ஒதுக்கியது. இந்தியாவிலோ 1992இல் வந்த ஐஎஸ் 13311 மீயொலிக்கும் மீள்துள்ளல் சுத்தியலுக்குமாக இரு பகுதிகளோடு நின்றது. ஒரு தலைமுறைப் பொறியாளர் இதன் எல்லைகளை முறையாகக் கற்காமல் போனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

பாலத்தின் முன்தகைவு வடங்கள் குழாய்களுக்குள், சாதாரண வலுவூட்டுக் கம்பிகளின் வலைக்குப் பின்னால் ஆழத்தில் கிடப்பவை. அந்த வலை கார்ஃபீல்டின் மெத்தைக்கு ஒப்பானது: அருகிலுள்ள எஃகின் சமிக்ஞை ஆழத்திலுள்ளதை மறைத்துவிடும். அதைக் கடந்து சமிக்ஞை கிடைத்தாலும், துருவேறிய வடத்தையும் நல்ல வடத்தையும் அது பிரித்துக் காட்டாது. பீன்யாவில் புதிய வடங்கள் செருகப்பட்டு, சுமையேற்றிச் சோதித்த பின்னர், 2024 ஜூலை இறுதியில்தான் கனரக வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.