உப்பளக் கரையில் வேதியியல் ஏன் கசந்தது

பதினோராம் வகுப்பு வேதியியல் நூலைத் திறந்தால் முதல் பாடத்திலேயே மோல் வந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து அவகாட்ரோ எண், சமான நிறை, வினைக் கணக்குகள். ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைகளில் பலர் தடுமாறத் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். வானம் பார்த்த சீமை, பின்தங்கிய மாவட்டம், அதனால் என்பது ஒன்று. ஆங்கிலம் வராததால் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வறுமையும் மொழியும் எல்லாப் பாடத்துக்கும் பொதுவானவை. வரலாற்றையும் உயிரியலையும் ஒருவாறு கடந்துவிடும் மாணவர் வேதியியலில் மட்டும் நின்றுபோவதை அவை விளக்குவதில்லை. இந்தக் கடினத்துக்குத் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது என்பதே என் வாதம். வேதியியல் இங்கே பொருளைக் கைவிட்ட பாடமாக வந்தது. பின்னால் அதைச் சீர்திருத்த வந்தவர்கள் சொல்லைத் திருத்தினார்கள். விட்டுப்போன பொருளைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

விட்டுப்போன பொருள் எது என்று முதலில் பார்க்க வேண்டும். வாலிநோக்கம் பகுதியின் உப்பளங்களில் நடப்பது வெறும் காயவைத்தல் அல்ல. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் உண்ணும் உப்பு ஏறக்குறைய 27 கிராம்தான். வெயிலில் நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து, அடுத்து ஜிப்சம், நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது சோடியம் குளோரைடு என்று ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது இறங்குகிறது. 30 டிகிரியை நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் உறிஞ்சிக் கசியும். தெவிட்டுநிலை, கரைதிறன், பின்னப் படிகமாக்கல் என்று பாடநூல் தனித்தனித் தலைப்பில் சொல்பவை பாத்திக்குப் பாத்தி வரிசையாக நிற்கின்றன. உப்போடு இது முடிவதுமில்லை. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதிக்க விடாது. அந்தச் சுண்ணாம்பே கிளிஞ்சலைச் சுட்டு, கரியமில வாயுவைப் போக்கி எடுத்ததுதான். பாம்பன், மண்டபம் கரைகளில் பெண்கள் கடலில் இறங்கிப் பறித்த கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் அகர் ஆலைகளுக்குப் போயின. ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றப்படும் கூழ் அந்த அகர்தான்.

இவ்வளவும் கண்முன் இருந்தும் பள்ளிக்குள் நுழையாமல் போனதற்கு முதல் காரணத்தைச் சட்டத்தில் தேடலாம். சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. உரிமம் இல்லாமல் உப்புக் காய்ச்சுவதும், கழியோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளுவதும் குற்றம். கடலோரத்துச் சிறுவன் யார் உதவியும் இல்லாமல் செய்துபார்க்கக்கூடிய மிக எளிய வேதிச் சோதனை ஒரு சட்டி கடல் நீரை வற்றவைப்பது. அதுவே உப்பு இலாகாவின் கண்ணுக்குத் திருட்டு. சட்டம் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குத் தடை போடவில்லையே என்று கேட்கலாம். நேரடியாகப் போடவில்லைதான். ஆனால் ஊரார் கையில் இருந்த ஒரு தொழிலை அது காவல் போட்ட களத்துக்குள் அடைத்தது. மக்களுக்கு உப்பு என்பது வரி, காவலர், தண்டனை என்றாகியது. அறிவதற்குரிய பொருளாக அதை யாரும் அவர்கள் முன் வைக்கவில்லை. இந்தக் கட்டுப்பாடு 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் உப்பு விளையும் ஊர்களின் வீட்டுத் தேவைக்கு மட்டும் தளர்ந்தது. உப்பு வரி 1947 ஏப்ரலில்தான் ஒழிந்தது. மேல்நாட்டு அறிவியல் பாடமாக வேரூன்றிய காலமும் உப்பு ஏகபோகத்தின் காலமும் பெரும்பாலும் ஒன்றே.

பள்ளியின் போக்கும் வேறு திசையில் இருந்தது. ராமநாதபுரத்தில் ஆங்கிலக் கல்வியின் தொடக்கம் பழையது. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் 1785 வாக்கில் சேதுபதியின் ஆதரவோடு பள்ளி தொடங்கினார். அன்று ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆதரவு கிடைத்ததன் நோக்கம் அரசுக்கும் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலம் அறிந்தவர்களை உருவாக்குவது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபின் அதன் தேர்வே பள்ளிகளின் கதியைத் தீர்மானித்தது. எழுத்துத் தேர்வு கேட்டதை ஆசிரியர் கற்பித்தார். அது கேட்டது வரையறைகளையும் சமன்பாடுகளையும். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதற்கு மாற்றாக ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்தி, அதற்காக நூல்களைத் தமிழாக்கினார். அந்த வரிசையில் ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. தமிழில் இந்த அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. மொழிதான் முழுத் தடை என்றால் அந்தத் தடை அன்றே உடையத் தொடங்கியிருக்க வேண்டும்.

ராஜாஜியின் வாழ்க்கை இந்த இடத்தில் ஒரு சான்று. 1916இல் சேலத்தில் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கச் சங்கம் கண்டவர்களில் அவர் ஒருவர். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துசென்று உப்பு அள்ளிச் சிறை போனவரும் அவரே. பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்று பொதுமக்களுக்காக வேதியியல் எழுதியவரும் அவர்தான். சொல்லையும் உப்பையும் ஒரே மனிதர் கையில் எடுத்திருக்கிறார். ஆயினும் அவருக்குப் பின் வந்த நிறுவனங்கள் சொல்லை மட்டுமே சுவீகரித்தன. கலைச்சொற் குழுக்கள் வந்தன; வடமொழிச் சொல்லா, தனித்தமிழா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்ற வழக்கு தலைமுறைக் கணக்கில் நீண்டது. 1960களில் தொடங்கிக் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வந்தன. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதுவரை கல்லூரிக்குள் இருந்த தொடக்க வேதியியல் ஊர்ப்பள்ளிக்கே வந்து சேர்ந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. இவை இல்லாவிட்டால் முதல் தலைமுறை மாணவர் அறிவியல் பக்கமே வந்திருக்க மாட்டார். ஆனால் புரியாத ஆங்கில வரையறையின் இடத்தில் புரியாத தமிழ் வரையறை அமர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். செய்முறைத் தேர்வில் உப்பைப் பகுத்தறியும் பயிற்சி இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரசேனியஸ் 1841இல் நூலாக்கிய ஒழுங்குமுறையின் வழிவந்தது அது. பெயர் தெரியாத தூளைக் கொடுத்து, அதில் உள்ள அயனிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பக்கத்து உப்பளத்துக்கும் அந்தத் தூளுக்கும் உறவு உண்டு என்று எந்தப் பக்கமும் சொல்வதில்லை.

விடுதலைக்குப் பின் வேதியியல் இந்தக் கரைக்கு உண்மையாகவே வந்தது. ஆனால் அது பள்ளியைத் தாண்டிப் போய் அமர்ந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபத்துக்கு இடம் மாறி, 1971 வரை அங்கே தலைமையகமாக இயங்கியது. அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. பாவ்நகர் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் மண்டபம் முகாமில் நடக்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தொடங்கப்பட்டு, வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கிறது. உப்பும் பாசியும் மின்பகுப்பும் நாட்டளவில் ஆராயப்பட்ட ஒரு மாவட்டத்தில், அதே உப்பும் பாசியும் மின்பகுப்பும் பள்ளியில் மனப்பாடப் பகுதிகளாகவே நின்றன. ஆகவே இங்கே அறிவியலே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வதற்கில்லை.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது ஒன்று: வேதியியல் எங்கேயும் கடினம்தானே? ஆம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1970களிலேயே மாணவர் எந்தப் பாடங்களில் சிக்குகிறார்கள் என்று ஆராய்ந்தபோது மோலும் சமன்பாடும் அங்கேயும் முன்னால் நின்றன. அவர் கண்ட காரணம் நம் வாதத்துக்கு முக்கியமானது. வேதியியல் மூன்று தளங்களில் பேசுகிறது: கண்ணுக்குத் தெரியும் பொருள், தெரியாத அணு, தாளில் எழுதும் குறியீடு. தேர்ந்தவர் மூன்றுக்கும் இடையே எளிதாகத் தாவுவார்; புதியவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனம் தாங்காது. கிளாஸ்கோ மாணவர் மூன்றில் சிக்கினார் என்றால், நம் மாணவருக்கு முதல் தளத்தையே எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் கொடுத்திருக்கிறோம். அவர் குறியீட்டிலிருந்து அணுவை ஊகிக்க வேண்டும், அணுவிலிருந்து பொருளை ஊகிக்க வேண்டும். படியில் ஏறச் சொல்லிவிட்டு அடிப்படியைப் பெயர்த்தெடுத்தது போன்ற ஏற்பாடு இது.

அப்படியானால் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இயல்பாகவே வேதியியலில் தேற வேண்டுமே, தேறவில்லையே என்பது அடுத்த எதிர்ப்பு. கைத்தொழிலே அறிவியல் என்று நான் சொல்லவில்லை. 25 டிகிரியில் உப்பு இறங்கும் என்று பாத்தி சொல்லும். ஏன் இறங்குகிறது என்று சொல்லாது. கலயத்துச் சுண்ணாம்பு நொதியைப் பற்றிப் பேசாது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பெருமிதம் மாணவருக்கு ஒரு கணக்கைக் கூடத் தீர்த்துத் தராது. தொழில் தருவது கேள்வியை. பதில் தருவது அறிவியல். கேள்வியை வெளியே நிறுத்திவிட்டுப் பதிலை மட்டும் உள்ளே அனுமதித்ததுதான் நம் வகுப்பறையின் வழக்கம். கேட்காத கேள்விக்குச் சொல்லப்படும் பதிலை எந்த மாணவரும் மனப்பாடம்தான் செய்வார்.

உள்ளூர்ப் பொருளைப் பாடமாக்கினால் தரம் தாழும், நீட் போன்ற அகில இந்தியத் தேர்வில் நம் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்றும் சொல்வார்கள். அறிவியலின் சொந்த வரலாறு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1811இல் பாரிஸில் கூர்த்துவா அயோடினைக் கண்டது கடற்பாசிச் சாம்பலில். 1826இல் இருபத்து மூன்று வயது பலார் புரோமினைக் கண்டது மான்பெல்லியே உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சிய கசப்புத் தண்ணீரில். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு பெற்ற வாண்ட் ஹாஃப், கடல் வற்றி உருவான ஸ்டாஸ்ஃபுர்ட் உப்புப் படிவங்கள் எந்த வரிசையில் படிந்தன என்பதை ஆராய ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஹாலஜன் குடும்பம் என்று நம் மாணவர் படிக்கும் பாடத்தின் பாதி, பாசியும் உப்பும் கிடைக்கும் கரைகளிலிருந்து வந்தது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இதே சுவார்ட்ஸ் பள்ளியில்தானே படித்தார் என்று முடிவாக ஒன்று சொல்லப்படும். படித்தார், மேலே படிக்க 1950இல் திருச்சிக்குப் போனார். ஒருவர் கடந்துவிட்டதைக் கொண்டு ஆற்றின் ஆழத்தை அளப்பது முறையல்ல. கரையிலேயே நின்றுவிட்டவர்களையும் எண்ண வேண்டும்.

செய்யவேண்டியது பெரிய செலவில்லை. ஒரு போமேமானி, ஒரு தராசு, கடல் நீர், வெயில். ஒரு லிட்டர் கடல் நீரில் உள்ள சோடியம் குளோரைடு 27 கிராம். அதன் ஒரு மோல் 58.5 கிராம். ஆக இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான கடல் நீரில் ஒரு மோல் இருக்கிறது. முதல் பாடத்தின் முதல் கணக்கை மாணவர் தானே வற்றவைத்து, எடைபோட்டு, கணக்கோடு ஒத்துப்போகாத சில கிராம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தூய்மை, கலவை, கரைதிறன் எல்லாம் அந்தக் கேள்வியின் பின்னால் வரும். அதற்குப் பின்னும் மோல் கடினமாகவே இருக்கும். கண்ணால் காண முடியாததை எண்ணுவது மனித மனத்துக்கு எளிதல்ல. கிளாஸ்கோவிலும் கமுதியிலும் அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் பாடத்தின் இயல்பால் வரும் கடினம் வேறு, ஏகபோகமும் எழுத்துத் தேர்வும் சொல்லோடு நின்ற சீர்திருத்தமும் சேர்த்துவைத்த கடினம் வேறு. முதலாவதை உழைத்துக் கடப்பது மாணவர் பொறுப்பு. இரண்டாவதை அவர் தலையில் கட்டிவிட்டு, இந்தச் சீமைப் பிள்ளைகளுக்கு வேதியியல் வராது என்று சொல்லிவந்ததைத்தான் நாம் நிறுத்த வேண்டும்.