மலைக்குப் போன தையல்

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கோடையிலும் பனி கிடக்கும் மலைகளுக்குள் ஒரு வாரம் நடந்து, ஏரிக்கரைகளில் கூடாரம் அடித்துத் தூங்கி எழுந்து வருவது மேலைநாடுகளில் இன்று சாதாரணமான விடுமுறை. மனிதர் மலையேறத் தொடங்கிய நாளிலிருந்தே இது இருந்திருக்கும் என்று தோன்றும். இல்லை. கூலியாளோ கழுதையோ துணையின்றி இரண்டே பேர் குளிர்மலையில் தங்கி வருவது, அந்தப் பழக்கம் அதிகம் பரவிய அமெரிக்காவிலேயே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பலருக்கும் கைகூடியது. மலைமேல் ஆசைக்கு முன்பும் பஞ்சமில்லை. சுமைதான் தடையாக நின்றது. அந்தச் சுமை இருவர் முதுகில் அடங்கியதற்குப் போரையும் தொழிற்சாலையையும் காரணம் காட்டுவது வழக்கம். அந்தப் பெருமையில் பெரும்பங்கு வீட்டுத் தையல் மிஷினுக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

முன்பு எப்படிப் போனார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரகோரம் மலைகளில் பல ஆண்டுகள் சுற்றினார்கள். 1912இல் சியாச்சின் பனியாற்றின் மேல் ஃபேனி பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையை விரித்துப் பிடித்து நின்ற புகைப்படம் புகழ்பெற்றது. அவர்கள் புத்தகங்களின் முகப்பில் இருப்பவை இரண்டு பெயர்கள்தான். ஆனால் அவர்களோடு பனியாற்றில் நடந்தது பால்டி சுமைகூலிகளின் பெருங்கூட்டம். கூடவே ஆல்ப்ஸிலிருந்து வரவழைத்த வழிகாட்டிகள், அளவையாளர்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் கூலிகளுக்குப் பதில் கோவேறு கழுதைகள். 1901இல் வில்லியம் கோல்பி ஏற்பாட்டில் சியரா கிளப் என்ற மலை ஆர்வலர் சங்கத்தின் முதல் கோடைப் பயணம் டுவாலமி புல்வெளிக்குப் போனபோது நூறு பேருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்தார்கள். பெண்களும் கணிசம். சமையல்காரர்கள் முன்னே போனார்கள், படுக்கைகள் விலங்குகளின் முதுகில் பின்னே வந்தன. பின்னாளில் ஒரே பயணத்தில் இருநூறு பேர் வரை போனதுண்டு. பொருளும் விலங்கும் பொதுச்செலவில் வந்தால்தான் நடுத்தர வருமானக்காரர் மலையில் சில வாரம் தங்க முடிந்தது.

அதற்கு முன்பே தம்பதிகள் தனியாகப் போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஓவியம் கற்பித்த போல்டன் பிரவுனும் அவர் மனைவி லூசியும் 1890களில் அதே சியராவில் கிங்ஸ் நதியின் மேற்பகுதிகளில் கோடைக்காலங்களைக் கழித்தார்கள். 1896இல் இருவருமாக வில்லியம்சன் சிகரம் ஏறினார்கள். ஆனால் அவர்கள் மூட்டையைச் சுமந்தது கழுதை. கழுதை இருந்தால் அதற்குப் புல் வேண்டும். உயரமான இடங்களில் புல் முளைக்கப் பனி விலக வேண்டும். பாறைச் சரிவிலும் பனி மூடிய கணவாயிலும் அது கால் வைக்காது. ஆகவே எந்த மாதம் போவது, எந்த வழியில் போவது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் பாதி அந்தக் கழுதைதான் முடிவு செய்தது. இன்னொரு பக்கம், இயற்கையியலாளர் ஜான் மியூர் போல ரொட்டியும் தேயிலையுமாக, படுக்கைகூட இல்லாமல் மலையில் இரவைக் கழித்தவர்கள் உண்டு. அது துறவு. ஊர் முழுக்கப் பின்பற்றும் வழக்கமாக அது ஆகாது.

சுமை எங்கே இருந்தது? பருத்திக் கான்வாஸ் கூடாரத்தில், கம்பளிப் போர்வைகளில், சுமக்கும் சட்டத்தில். போர்வைக்கு மாற்று வாத்து இறகு என்பது பழைய அறிவு. எடைக்கு எடை அதுபோல் சூடு தாங்குவது வேறு எதுவும் அன்று இல்லை. சிக்கல் தையலில் இருந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே இறகை இட்டு ஊடே தைத்தால், தையல் ஓடுகிற கோட்டிலெல்லாம் இறகு நசுங்கிக் காற்றிழந்து போகும். குளிர் அந்தக் கோடுகள் வழியே உள்ளே வரும். தைக்காமல் விட்டாலோ இறகு முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் மெல்லிய தடுப்புத் துணிகளால் இணைத்து, அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவாக இறகு நிரப்பி மூடுவதுதான் வழி. கேட்க எளிது. வழுக்குகிற நைலானில் தடுப்பு மேல் தடுப்பாகப் பல வரிசை தைத்து முடிக்க, துணியோடு பல ஆண்டு பழகிய கை வேண்டும். இந்த நூறு ஆண்டில் மலையில் தூங்குவதை மாற்றிய நுட்பம் எது என்று கேட்டால், கயிறு, கொக்கிகளைவிட இந்தத் தடுப்புத் தையலைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதில்தான் கதையே இருக்கிறது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கணிதப் பேராசிரியர் லீராய் ஹோலுபாரின் மனைவி ஆலிஸ், போர் முடிந்த கையோடு வீட்டில் தூங்கும் பைகளைத் தைக்கத் தொடங்கினார். அதே மாநிலத்தில் வார்ட் என்ற மலைச் சிற்றூரில் 1946இல் ஜெர்ரி கன்னிங்ஹமும் அவர் மனைவி ஆனும் பைகளும் கூடாரங்களும் செய்து விற்றார்கள். கலிபோர்னியாவில் 1952இல் டிக் கெல்டி கராஜில் அலுமினியச் சட்டங்களை வளைத்தார். பைகளைத் தைத்தவர் மனைவி நீனா. கெல்டி பையின் பெரிய புதுமை இடுப்புப் பட்டை: எடையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் வைத்தது அது. சும்மாடு வைத்துத் தலைச்சுமை தூக்கியவர்களுக்கு இது புரியும். பாரம் தசையில் தொங்காமல் எலும்பில் உட்கார வேண்டும். இவர்களுக்கு முன்பே, 1938இல், சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சனும் பள்ளி ஆசிரியையான மேரி ஆண்டர்சனும் நண்பர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கி, ஐரோப்பியப் பனிக்கோடாலிகளை மலிவாக வரவழைத்தார்கள். ஆர்இஐ என்ற இன்றைய மலையேற்றப் பொருள் கடைகள் அதன் வளர்ச்சி. 

போர்தான் இதையெல்லாம் கொடுத்தது என்பவர்களிடம் நியாயம் உண்டு. நைலானும் விமான அலுமினியமும் போரால் மலிந்தவை. கொலராடோவின் கேம்ப் ஹேலில் பத்தாவது மலைப்படைப் பிரிவு பனியில் பயிற்சி பெற்றது. ஜெர்ரி கன்னிங்ஹமே மலைப்படையிலிருந்து வந்தவர். போருக்குப் பின் ராணுவ மிச்சப் பொருள்கள் கடைகளில் குவிந்தன, ஏழை மாணவர்கள் அவற்றோடுதான் மலையேறினார்கள். ஆனால் ராணுவப் பொருளுக்கு இலக்கு வேறு. முரட்டுக் கையாளலைத் தாங்க வேண்டும், எவனுக்கும் பொருந்த வேண்டும், லட்சக்கணக்கில் செய்யத் தக்கதாக இருக்க வேண்டும். எடை குறைவு அந்தப் பட்டியலில் கீழே. துணியும் உலோகமும் போரிலிருந்து வந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றை இருவர் சுமக்கும் எடைக்கு வெட்டித் தைத்த வடிவம் அங்கிருந்து வரவில்லை.

கராஜில் பிறந்த நிறுவனக் கதைகள் விளம்பரத்துக்காக ஊதப்பட்டவை என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். பல சமயம் அந்தச் சிரிப்பு சரிதான். இங்கே கணக்கைப் பாருங்கள்: கெல்டிகள் முதல் ஆண்டில் விற்றது 29 பைகள், ஒன்று 24 டாலர். எந்தத் தொழிற்சாலை முதலாளி இதற்காக மிஷின் ஓட்டுவார்? சந்தை இல்லாத அந்த ஆண்டுகளைக் கடத்தியது சம்பளக் கணக்கில் வராத குடும்ப உழைப்பு. தையல் கூலிதான் விலையைத் தூக்கியது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1960களில் போல்டரில் தொடங்கிய ஃப்ராஸ்ட்லைன், இறகுச் சட்டைகளையும் தூங்கும் பைகளையும் வெட்டிய துண்டுகளாக, இறகுப் பொட்டலத்தோடு விற்றது. வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டார். அந்த வியாபாரம் நன்றாக நடந்தது.

இமயமலையில் கதை இப்படி நடக்கவில்லை. 1963 அமெரிக்க எவரெஸ்ட் குழு கெல்டி பைகளைக் கொண்டுபோனது. மே 1 அன்று நவாங் கோம்புவோடு உச்சி ஏறிய ஜிம் விட்டேக்கர், ஆண்டர்சன்களின் கூட்டுறவில் வேலை பார்த்தவர். ஆனால் அந்தக் குழுவின் பொருள்களை மலையடிவாரம் சேர்த்தது 900க்கும் மேற்பட்ட சுமைகூலிகள். கூலி மலிவாகக் கிடைக்கும் வரை முதலாளியின் முதுகுக்குச் சுமை இறங்குவதில்லை. சியராவில் கோவேறு கழுதைக்கும் ஆளுக்கும் பணம் கொடுக்க முடியாதவர்கள் பெருகியதால்தான் இலேசான பை அங்கே வேர்விட்டது. 340 கிலோமீட்டர் நீளமான ஜான் மியூர் பாதையில் அப்புறம் இரண்டிரண்டு பேராக வந்து குவிந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் போகக் கூடாது என்பது இன்று அந்தக் காடுகளின் விதி. கோல்பி திரட்டிய கூட்டத்துக்கு இன்று அங்கே சீட்டு கிடைக்காது.