ஏரவாடாவைத் தாண்டிப் போன படம்

பள்ளிக்கூடத்துல எங்களை வரிசையா நிக்க வச்சு டவுன் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'காந்தி' படம். 1982-ல் வெளிவந்து எட்டு ஆஸ்கர் வாங்கியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முடிவுல நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர், நீலக்கொடி பிடிச்ச ஆளு.

"பாபாசாகேப் வர்றாராடா?"

"வரல தாத்தா."

"பூனா வருதா?"

எனக்கு பூனான்னா என்னன்னே தெரியாது. அவர் வேற எதுவும் கேட்கல.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1930, 31-ல் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் தீண்டப்படாத மக்களுக்காகப் பேசினார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. ஒரு ஓட்டில் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு ஓட்டு பொதுத்தொகுதியில். இதை எதிர்த்து செப்டம்பர் 20-ல் ஏரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் உயிருக்கு ஏதாவது ஆனால் ஊர் ஊராகச் சேரிகளுக்கு என்ன நடக்கும் என்பது அம்பேத்கருக்குத் தெரியும். 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடம் 148 ஆனது, தனி வாக்குரிமை போனது. எண்ணிக்கை கூடிச்சு, தேர்ந்தெடுக்கிற கை மாறிப்போச்சு. இன்றைக்கும் தனித்தொகுதியில் நிற்பவர் நம்மாள். அவர் ஜெயிக்க ஊர்த்தெரு ஓட்டு வேணும்.

இத்தனை பெரிய சங்கதி அந்தப் படத்தில் இல்லை. 1931 லண்டன் பயணம் இருக்கிறது. கல்கத்தா உண்ணாவிரதம் இருக்கிறது. ஏரவாடா உண்ணாவிரதம் மட்டும் இல்லை. ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் ஒரு படத்தில் அடக்க முடியாது என்ற பொருளில் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் விடுபடுவது ஏன் எப்போதும் நாமாகவே இருக்கிறோம்? தீண்டாமை படத்தில் வராமலும் இல்லை. தென்னாப்பிரிக்க ஆசிரமத்தில், அது தீண்டப்படாதவர்கள் வேலை என்று கஸ்தூர்பா கக்கூஸ் சுத்தம் செய்ய மறுக்கிறார்; காந்தி சீறுகிறார். நம் துயரம் அவருடைய மனச்சாட்சியைக் காட்டும் காட்சியாகிறது. நம்மில் ஒருவர் எழுந்து அவரிடமே கணக்குக் கேட்டார் என்பது காட்சியாகவில்லை.

ஜப்பார் படேலின் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டு 2000-ல் வெளியானது. மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் பணம் கொடுத்தன. 1998-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது மம்முட்டிக்குக் கிடைத்தது. அரசுப் பணத்தில் எடுத்த படம், தேசிய விருது வாங்கிய படம், தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆனது; அதற்கும் உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அதில் ஏரவாடா வருகிறது. காந்தியை அரக்கனாக்கவில்லை, பேரம் பேசத் தெரிந்த ஓர் அரசியல்வாதியாகக் காட்டுகிறது. எனக்கு ஒரு குறை உண்டு. மகத் குளத்தில் 1927-ல் இறங்கிய ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது, பிறகு வாங்கிய அடி இருந்தது. தலைவரை மட்டும் பார்க்கும் பழக்கம் நம் படத்துக்கும் தொற்றியிருக்கிறது.

அதைப் பார்க்க தாத்தா இல்லை. போன வருஷம் எங்க காலனியில திரை கட்டிப் போட்டோம். பூனா காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, ரெட்டை ஓட்டுன்னா என்னன்னு பிள்ளைங்களுக்குச் சொன்னேன். பத்தாவது படிக்கிற பொண்ணு கேட்டுச்சு: "இது ஏன் சார் எங்க பாடத்துல ரெண்டு வரியில முடிஞ்சிருது?"

நீங்களும் நிறுத்திப் பேசுங்கள். ஏரவாடாவைத் தாண்டி ஓட விடாதீர்கள்.