வீட்டுக் கணினிக்கு ஏற்ற அஞ்சல் மென்பொருள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் தொடங்கியது. இணைப்பு தொலைபேசி வழியே. நிமிடத்துக்கு நிமிடம் காசு. ஆகவே அஞ்சல்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படிக்க வைக்கும் மென்பொருளே அரிமளம் போன்ற ஊர்களுக்குச் சிக்கனம்.

அன்று பெயர்பெற்ற யூடோராவை 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதினார். மைக்ரோசாப்ட்டின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸ் 98 உடனேயே வந்தது.

ஆனால் தமிழருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் தமிழில் எழுதினால், அதே எழுத்துரு ஊரிலுள்ள கணினியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் வெறும் கிறுக்கல்தான்! திஸ்கி போன்ற குறியேற்றங்களின் காலம் அது.

இதற்குத் தீர்வு யூனிகோடு. விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடை ஏற்றது. அவுட்லுக் எக்ஸ்பிரசும், 2004 டிசம்பரில் வெளியான தண்டர்பேர்டு 1.0-உம் யூனிகோடு அஞ்சலைக் கையாண்டன. பழைய யூடோராவோ கடைசிவரை அதற்கு மாறவில்லை. 2006-க்குப் பின் அதன் வளர்ச்சி நின்றது.

வேகம், வசதி, விலை எல்லாம் பிறகுதான். தாய்மொழியில் வந்த கடிதத்தைப் படிக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி.